பார்த்தவர் கையொப்பம்

அந்த அலுவலகத்துக்கு ‘இளையோர் இணைய மாண்பு மீட்பு மையம்’ என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. பெயர்ப்பலகை எழுதியவர் மட்டும் மனசாட்சி உள்ள ஆள். பெயர் முழுவதும் ஒரே வரியில் அடங்காததால், ‘மீட்பு’ என்ற சொல்லை மட்டும் கீழே தள்ளிப் பொடி எழுத்தில் போட்டிருந்தார். தெருவில் போகிறவர்கள் கண்ணில் அது படாது.

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணில் பட்டது. எந்தப் பலகையைப் பார்த்தாலும் எத்தனை அடி தூரத்திலிருந்து எத்தனை எழுத்து படிக்க முடியும் என்று மனசுக்குள் அளந்து பார்ப்பது அவருடைய தொழில் புத்தி. இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி செய்து கொடுக்கிறார். அவருடைய சொந்தக் கண்ணோ மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அரைச் சாண் தூரம்தான் அவருக்கு உலகம். அதற்கு அப்பால் எல்லாம் மூட்டம். மகள் சின்னவளாக இருந்தபோது, அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருந்தால், மூக்கோடு மூக்கு இடிக்கும் அளவுக்கு முகத்தைக் கொண்டுவந்து, “இப்பத் தெரியுதா? இப்ப?” என்று கேட்டு விளையாடுவாள். தாயில்லாப் பிள்ளை. வீட்டில் இருந்த விளையாட்டுச் சாமான் இவர் கண் ஒன்றுதான்.

அந்த மகளுக்கு இப்போது இருபது வயது முடிந்துவிட்டது. கல்லூரியில் கூடப் படித்த ஒருவனை நம்பி, அவனுக்கு மட்டும் என்று ஒரு படம் அனுப்பினாள். பிறகு அவன் குணம் பிடிக்காமல் விலகினாள். அவன் அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். வகுப்புக்குப் போயிற்று, தெருவுக்கு வந்தது, கடைசியில் சொந்தக்காரர்களின் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. அவளுடைய அத்தை அதைப் பார்த்துவிட்டு நேரில் வந்து, வாசலில் நின்றபடியே அழுதுவிட்டுப் போனாள். கடைக்கு எதிரே போன் ரிப்பேர் பார்க்கிறவர் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, “அண்ணே, ஒரு விஷயம். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. காட்டட்டுமா?” என்றார். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதில் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது.

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் கதவுக்கு உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

“அப்பா, நீ பாத்தியா?”

“இல்லம்மா.”

“சத்தியமா?”

“உங்கம்மா மேல சத்தியமா.”

பிறகு, “எல்லாரும் பாத்துட்டாங்கப்பா. யார் மூஞ்சியப் பாத்தாலும் அவங்க கண்ணுக்குள்ள அதுதான் இருக்கு. நீ ஒருத்தன் பாக்காம இரு. அது போதும். உன் முன்னாடியாவது நான் வந்து உக்காருவேன்” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் தட்டோடு போய்க் கதவைத் தட்டுவார். “பாக்கலல்ல?” என்பாள். “பாக்கலம்மா” என்பார். தாழ்ப்பாள் விலகும். தட்டு நுழையும் அளவுக்குக் கதவு திறக்கும். ஏழு வாரமாக வீட்டில் பேச்சு இவ்வளவுதான்.

கடையிலும் நிம்மதி இல்லை. சோதனை நாற்காலியில் யாராவது வந்து உட்கார்ந்ததும் விளக்கைத் தூக்கிப் பிடித்து அவர்கள் கண்ணுக்குள் பார்ப்பார். இந்தக் கண் பார்த்திருக்குமா என்று தோன்றும். கண் ஒன்றும் சொல்லாது. கறுப்பும் பழுப்புமாக, சாதுவாகத் திறந்து கிடக்கும். ஒருவர் புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இப்பத்தாங்க எல்லாம் பளிச்சுனு தெரியுது” என்று சிரித்தபோது கடைக்காரர் காசு வாங்கவே மறந்துவிட்டார். எத்தனை கண்ணுக்கு நாமே தெளிவு செய்து கொடுத்திருக்கிறோமோ என்று அன்று முழுவதும் சாப்பிடாமல் இருந்தார்.

மையத்துக்கு விண்ணப்பம் போட்டவள் மகள்தான். போனிலேயே எழுதி, படம் கிடக்கும் இணைப்பையும் சேர்த்து அனுப்பினாள். ரத்த உறவினர் ஒருவர் நேரில் வரவேண்டும் என்று பதில் வந்தது. ஒட்டிய உறை ஒன்றைக் கதவிடுக்கு வழியாக நீட்டி, “எல்லாம் எழுதிட்டேன். குடுத்துட்டு மட்டும் வந்துடு. எதையும் தெறக்காத” என்றாள். அவரும் அந்த உறையைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

மையத்தின் கூடத்தில் நாற்பது நாற்காலிகள் இருந்தன. சுவரெல்லாம் ‘இரகசியம் காக்கப்படும்’ என்று எழுதியிருந்தது. இரகசியம் விஷயத்தில் அவர்கள் ரொம்பக் கறார். பேரைச் சொல்லி அழைத்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் அல்லவா? அதனால் பேரைச் சொல்லமாட்டார்கள். என்ன நடந்ததோ அதைச் சொல்லி அழைப்பார்கள். ஒலிபெருக்கியில்.

“போலிக் கணக்கு ஒன்பது, உள்ள வாங்க. கிண்டல் பதிவு நாலு, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வழிய மறைக்காதீங்க. அந்தரங்கப் படம் பதினாறு! அந்தரங்கப் படம் பதினாறோட அப்பா யாருங்க?”

நாற்பது தலைகள் நிமிர்ந்தன. கடைக்காரர் எழுந்து, அத்தனை கண்ணையும் கடந்து, கண்ணாடித் தடுப்புக்குப் போய் உறையை நீட்டினார். தடுப்புக்குப் பின்னால் டோக்கன் கொடுக்கும் அம்மா உட்கார்ந்திருந்தார். மைக்கை அணைக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

“பாதிக்கப்பட்டவங்க வரலையா?”

“அவ வெளிய வர்றதில்லீங்க.”

“நல்லதாப் போச்சு. வந்தாலும் உள்ள விடமாட்டோம். அவங்க சம்பந்தப்பட்ட ஆளு. தன் படத்தத் தானே அடையாளம் காட்டினா பாரபட்சம் ஆயிடும். அதுக்குத்தான் ரத்த சம்பந்தம் உள்ள மூணாவது மனுஷர் கேக்குறோம்.”

“ரத்த சம்பந்தம் உள்ளவரு எப்படிங்க மூணாவது மனுஷர்?”

“நீங்களே பாருங்க, படிவத்துல இருக்கு.”

படிவத்தில் இருந்தது. பதினொரு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, கீழே ‘பார்த்தவர் கையொப்பம்’ என்று அச்சடித்திருந்தது. கடைக்காரர் அந்த வரியில் விரலை வைத்தார்.

“பாத்தவருன்னா?”

“நீங்கதான். படத்தப் பாத்து, எங்க பொண்ணுதான்னு கையெழுத்துப் போடணும்.”

“பாக்காம போட முடியாதுங்களா?”

“பாக்காம உங்க பொண்ணுன்னு எப்படிச் சொல்லுவீங்க?”

“அவளே சொல்றாளேம்மா.”

“அவங்க சம்பந்தப்பட்ட ஆளு” என்றார் டோக்கன் அம்மா, பொறுமையாக.

கடைக்காரர் உறையை எடுத்துக்கொண்டு, அப்படியானால் வேண்டாம், நான் போகிறேன் என்றார். அந்த அம்மா நல்லவர். போகவிடவில்லை. போனால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொன்னார். உறவினர் அடையாளம் காட்டாமல் போனால் அது ‘உரிமை கோரப்படாத படம்’ ஆகிவிடும். அந்த மாதிரிப் படங்களை அறிவிப்புப் பலகையில் முப்பது நாள் ஒட்டிவைப்பார்கள். யாராவது பார்த்து, இது இன்னார் என்று வந்து சொன்னால் உடனே எடுத்துவிடுவார்கள்.

“அதோ, அந்தப் பலகைதான். கூச்சமா இருக்கும்னு திரை போட்டிருக்கோம்.”

கூடத்தின் கோடியில் ஒரு பலகைமேல் பச்சைத் துணி தொங்கியது. மின்விசிறிக் காற்றில் துணியின் ஓரம் தூக்கித் தூக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பலகைக்கு எதிரே இருந்த நாற்காலிகள் மட்டும் நிறைந்திருந்தன. கடைக்காரர் உறையைத் திரும்பக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். துணி அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தத் துணிக்குப் பின்னால் யாருடைய பிள்ளைகளோ முப்பது நாளாக நிற்கிறார்கள்.

அந்த நேரத்தில் மையத்தின் இயக்குநர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அது விழிப்புணர்வு வாரமாம். தினம் பதினொரு மணிக்கு, காத்திருப்பவர்களுக்கு அவர் பத்து நிமிஷம் பேசுவாராம். ஒலிபெருக்கி கைமாறியது.

“பெற்றோர்களே! இந்த மையம் ஆரம்பிச்ச வருஷம் நானூறு புகார் வந்தது. போன வருஷம் தொள்ளாயிரம். இந்த வருஷம் ஆயிரத்தைத் தாண்டிடுவோம்னு நம்புறேன். இந்த வளர்ச்சி என் ஒருத்தனால வந்ததில்ல. உங்க வீட்டுப் பிள்ளைங்க ஒத்துழைப்பு இல்லாம இது நடந்தே இருக்காது.”

ஊழியர்கள் கை தட்டினார்கள்.

“எத்தன படத்த நீக்கியிருக்கீங்கன்னு சில பேர் கேக்குறாங்க. நாங்க எண்ணிக்கைக்கு வேலை செய்யற ஆளுங்க இல்ல. ஒண்ணு சொல்றேன். வர்ற ஒவ்வொரு படத்தையும் நான் நேர்ல பாக்குறேன். ஒண்ணக்கூட விட்டதில்ல. லீவு நாள்லகூட வந்து பாக்குறேன். வீட்ல கேக்குறாங்க, ஏங்க இப்படி உழைக்கிறீங்கன்னு. என்ன பண்றது, பொறுப்பு!” என்றவர் குரல் தழுதழுத்தது. “சில படத்த ரெண்டு தடவ பாக்க வேண்டியிருக்கு.”

அதற்கும் கை தட்டினார்கள்.

பேச்சு முடிந்து அரைமணி கழித்துப் பதினாறாம் எண்ணை மறுபடி அழைத்தார்கள். அடையாள அலுவலர் என்று ஒருவர் வந்து கடைக்காரரை மாடிக்குக் கூட்டிப்போனார். நீளமான அறை. ஜன்னல்களில் கனத்த திரை. எதிர்ச் சுவர் முழுவதும் வெள்ளைத் திரை. ஏழு நாற்காலிகள் போட்டிருந்தன. முன் வரிசை நடுவில் இயக்குநர் டீ கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

“எதுக்குங்க இத்தன பேரு?” என்றார் கடைக்காரர்.

“ஒருத்தர் மட்டும் பாத்தா தப்பாப் பேசுவாங்க. ஏழு பேர் பாத்தா அது குழு” என்றார் அடையாள அலுவலர். “இன்னிக்குக் கணக்கர் லீவு. அதனால டிரைவர உக்கார வச்சிருக்கோம்.”

கடைசி நாற்காலியில் இருந்த ஓட்டுநர் நெளிந்தார். “சார், எனக்கும் பொண்ணு இருக்குது. நான் உக்காந்திருக்கேன், கண்ண மட்டும் மூடிக்கிறேனே.”

“மூடினா ஆறு பேர்தான் ஆகும். குழு செல்லாது.”

விளக்குகள் அணைந்தன.

கடைக்காரர் அப்போதுதான் அதைச் செய்தார். முகத்தைத் துடைப்பவர்போலக் கையைக் கொண்டுபோய், கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டார். யோசித்துச் செய்யவில்லை. செய்த பிறகுதான், அட, இது போதுமே என்று தோன்றியது. சுவரில் ஒரு வெளிச்சம் வந்தது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பனிக்காலத்தில் எதிரே வரும் வண்டியின் விளக்குமாதிரி, ஓரமில்லாத ஒரு வெளிச்சம்.

ஆனால் காதுக்குப் பவர் குறையவில்லையே. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒருவர் தொண்டையைக் கனைத்தார். டீ கோப்பையைச் சத்தம் வராமல் கீழே வைப்பதும் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஏழு பேர் மூச்சு மட்டும். ஒரு கையெழுத்துக்குத் தேவையான நேரம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது அந்த அமைதி. தன் மகள் ஏழு வாரமாக இந்த அமைதிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போது விளங்கியது. கதவை அவள் உள்ளே தாழிட்டதெல்லாம் வீண். இந்த அறை அவள் அறைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

“கொஞ்சம் பெருசாக்குங்க” என்றது இயக்குநரின் குரல். “கொஞ்ச நாளாவே எனக்குத் தூரத்துல இருக்கறது மங்கலாத் தெரியுது. நீங்க கண்ணாடிக்கடைதானே? ஒரு நாள் வர்றேன்.”

“வாங்க” என்றார் கடைக்காரர். இருபத்தாறு வருஷப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

“பாத்தீங்களா?” என்று கேட்டார் அடையாள அலுவலர்.

“பாத்தேங்க.”

“முழுசா?”

“முழுசா.”

“உங்க மகதானா?”

“என் மகதாங்க” என்றார். இந்த ஒரு பதிலில் மட்டும் பொய் இல்லை. அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

சுவரில் வெளிச்சம் அப்படியே இருக்க, படிவத்தை நீட்டினார்கள். கடைக்காரர் பேனாவை வாங்கி, குத்துமதிப்பாக ஓரிடத்தில் கையெழுத்துப் போட்டார். அது பாதி படிவத்திலும் மீதி மேஜை விரிப்பிலுமாக விழுந்தது. அடையாள அலுவலர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கடைக்காரரைப் பார்த்தார். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போனால் பார்த்தவரின் பார்வையில் சந்தேகம் கொள்ளவேண்டும் என்று விதி இருக்கிறதாம். பார்வைத் தகுதிச் சான்று வாங்கி வந்தால்தான் பார்த்தது பார்த்ததாகுமாம். இல்லாவிட்டால் நாளைக்கு வந்து மறுபடி பார்க்கவேண்டும். குழுவும் மறுபடி பார்க்கும்.

“மறுபடியா?” என்று எழுந்தார் ஓட்டுநர்.

“எனக்கு ஆட்சேபம் இல்ல” என்றார் இயக்குநர்.

கடைக்காரரைக் கையைப் பிடித்து அடுத்த மாடிக்கு ஏற்றினார்கள். அங்கே மையத்தின் மருத்துவர் இருந்தார். கடைக்காரருக்கு அவர் ஒரு வெள்ளை அங்கி, ஒரு குரல். எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஒரு நீட்டம், அதன் உச்சியில் கறுப்பாக ஒரு கறை. அது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“படிங்க பாக்கலாம். உங்க கடையில வாங்கின சார்ட்தான் இது” என்றார் மருத்துவர்.

அந்தச் சார்ட்டுக்கு எதிரே இருபத்தாறு வருஷம் நின்றவர் கடைக்காரர். ஒரு நாளைக்குப் பதினைந்து பேரென்றால்கூட எத்தனை தடவை அதை அடுத்தவர் வாயால் கேட்டிருப்பார்! மடமடவென்று ஆரம்பித்தார். உச்சி எழுத்து, இரண்டாம் வரி, மூன்றாம் வரி, எட்டாம் வரி வரைக்கும் ஒரு எழுத்து பிசகவில்லை. வலது கண்ணை மூடச் சொன்னார்கள், ஒப்பித்தார். இடது கண்ணை மூடச் சொன்னார்கள், ஒப்பித்தார். நிறுத்தத் தெரியாமல், அடியில் கடுகளவில் போட்டிருக்கும் அச்சகத்தின் பெயரையும் விலாசத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

மருத்துவர் எழுந்துபோய்ச் சார்ட்டின் அடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். விலாசம் சரியாக இருந்தது.

“இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா! என்னங்க சாப்பிடுறீங்க?” என்றவர், சான்றிதழில் ‘சராசரிக்கு மேற்பட்ட, குறைபாடற்ற பார்வை’ என்று எழுதி, அதன்கீழ் ஒரு கோடும் போட்டார். கடைக்காரர் கும்பிடு போட்டுவிட்டு, கதவு என்று நினைத்து மருந்து அலமாரியைத் திறந்தார். தகப்பன் மனசு கலங்கியிருக்கிறது என்று மருத்துவரே தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். உள்ளுக்குள் ஒரு சின்னத் திருட்டுச் சந்தோஷம் இருந்தது. இத்தனை பெரிய மையத்தை ஒரு பழைய சார்ட்டை வைத்து ஏமாற்றிவிட்டோமே!

சாயங்காலம் தட்டோடு போனார்.

“குடுத்துட்டியாப்பா?”

“குடுத்துட்டேன்.”

“பாக்கலல்ல?”

“பாக்கலம்மா” என்றார். எப்போதையும்விட அன்றைக்குக் குரல் அழுத்தமாக வந்தது. அந்த நீளமான அறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்க்காமல் தப்பித்த கதையைச் சொன்னால், பார்த்த ஏழு பேரின் கதையையும் சொல்லவேண்டி வரும். அதை அவளுக்கு எப்படிச் சொல்லுவது?

அந்தக் குரல்தான் ஏதோ செய்திருக்கவேண்டும். அன்று தட்டை வாங்கிக்கொண்டு அவள் கதவைச் சாத்தவில்லை. நாலு நாள் கழித்துக் கூடத்துக்கு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். பத்தாம் நாள் காலையில் தலை பின்னிக்கொண்டு, “கடைக்கு வரட்டுமா?” என்றாள். கடைக்காரர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கடையில் அவள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாராவது உள்ளே வந்தால் தோள்கள் இறுகும். போனதும் தளரும். அவரும் ஒவ்வொருத்தரையும் சீக்கிரம் சீக்கிரமாகப் பேசி அனுப்பினார். மதியத்துக்குள் ஒரு தடவை அவள், “இந்த ஃப்ரேம் யாரு வாங்குவாங்க, அசிங்கமா இருக்கு” என்று சொல்லிவிட்டாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் இயக்குநர் வந்தார்.

“சொன்னேன்ல, வர்றேன்னு! வந்துட்டேன்.” சோதனை நாற்காலியில் அவரே போய் உட்கார்ந்தார். கையில் ஒரு பழுப்பு உறை. “எப்படியும் இந்தப் பக்கம் வர்றோம், தபால்ல எதுக்குன்னு நேர்லயே கொண்டாந்துட்டேன். வீடு தேடி வரும் சேவை!” என்று சொன்னவர் கண், மகள்மேல் போய் நின்றது. புருவத்தைச் சுருக்கினார். “இந்தப் பொண்ண எங்கயோ பாத்த மாதிரி இருக்கே.”

லென்ஸ் துடைக்கும் கை நின்றது.

“அட, பதினாறு!” என்றார் இயக்குநர், சந்தோஷமாக. “உனக்குத்தாம்மா கடிதம். நீ கவலையே படாத. உங்கப்பா மாதிரி ஒரு தகப்பன நான் பாத்ததில்ல. மத்த பெத்தவங்க எல்லாம் அங்க வந்து தலையக் குனிஞ்சுக்குவாங்க. இவரு நேரா நிமிந்து நின்னு பாத்தாரு. கேளு, வாசிக்கிறேன்.”

கடைக்காரர், “ஐயா, வேண்டாங்க, குடுங்க நானே...” என்று குறுக்கே போவதற்குள் உறை கிழிந்துவிட்டது.

“‘தங்கள் தந்தையார் மேற்படி படத்தை எழுவர் குழுவின் முன்னிலையில், பெரிய திரையில், சராசரிக்கு மேற்பட்ட குறைபாடற்ற பார்வையுடன் முழுமையாகப் பார்த்து, அதில் இருப்பது தாங்களே என உறுதி செய்துள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ இந்த ‘மகிழ்ச்சியுடன்’ நான் சேத்தது. ‘அடையாளம் உறுதியானதால் கோப்பு முடிக்கப்பட்டது. படத்தை நீக்குவது இம்மையத்தின் வரம்பில் வராது. அதற்குத் தாங்கள் உரிய இடத்தை அணுகலாம். உரிய இடம் எது என்பது பரிசீலனையில் உள்ளது.’ அவ்வளவுதான். அந்த மட்டும் ஒரு வேலை முடிஞ்சுது.”

கடிதத்தை மகளின் முன்னால் வைத்தார். கூடவே சேவையில் திருப்தியா என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் போட்ட ஒரு சீட்டையும் வைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, “ம், பாருங்க. வலது கண்ணுலதான் மங்கல் ஜாஸ்தி” என்றார்.

“இன்னிக்குக் கண்ணு பாக்கறதில்லீங்க” என்றார் கடைக்காரர்.

“மிஷின் ரிப்பேரா?”

“எந்திரிங்க” என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

இயக்குநர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “சரி, இன்னொரு நாள் வர்றேன். அதுவரைக்கும் முன் வரிசையிலயே உக்காந்து சமாளிச்சுக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்காரர் ஷட்டரை முழுவதும் இறக்கினார். திரும்பியபோது மகள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. முகத்தில் எதுவுமே இல்லை. ஏழு வாரம் மூடியிருந்த கதவு திரும்பவும் சாத்திக்கொள்வது அவருக்குத் தெரிந்தது.

“பாக்கலம்மா” என்றார்.

“நிமிந்து நின்னு பாத்தியாமே.”

“கண்ணாடியக் கழட்டிட்டேன், பாப்பா. பையில போட்டுட்டேன். சத்தியமா ஒண்ணும் தெரியல. வெறும் வெளிச்சம்.”

“கொறபாடில்லாத பார்வைன்னு எழுதியிருக்கு.”

“சார்ட்டு... நம்ம சார்ட்டு. மனப்பாடம்.” அவருக்கு நாக்கு குழறியது. உண்மைதான் சொன்னார், ஆனால் சொல்லச் சொல்ல அது பொய்யாகவே கேட்டது. முத்திரை குத்திய காகிதம் அவள் கையில் இருந்தது. அவர் கையில் ஒன்றும் இல்லை.

மகள் கடிதத்தை வைத்துவிட்டுக் கிட்டே வந்து, இரண்டு கையாலும் அவர் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். கடை மூட்டமாகிவிட்டது. காலடி பின்னால் போவது கேட்டது.

“அங்க எவ்வளவு தூரத்துல இருந்துது?”

“பத்துப் பன்னெண்டு அடி இருக்கும்.”

“சார்ட்டு முன்னாடி நிக்கிறேன். அதே தூரம்தான்.” குரல் சுவரோரத்திலிருந்து வந்தது. “நான் அழறேனா, சிரிக்கிறேனா?”

“தெரியலம்மா.”

ஓர் அடி வைக்கும் சத்தம். “இப்ப?”

“தெரியல.”

இன்னும் ஓர் அடி. “இப்ப?”

“தெரியலம்மா.” ஒரு யூகத்தில் ஏதாவது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. எத்தனை தடவை கேட்டாளோ அத்தனை தடவையும் தெரியவில்லை என்றே சொன்னார். மேஜையைச் சுற்றி வந்தாள். கை எட்டும் தூரத்துக்கு வந்தாள். அப்போதும் எதிரே முகம் என்று ஒன்று இல்லை, மாநிறத்தில் ஒரு மூட்டம்தான் இருந்தது. மைனஸ் ஒன்பது எங்கே தொடங்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வயதிலிருந்தே தெரியும்.

அவள் மூச்சு அவர் முகத்தில் பட்டது. மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் ஓர் இமை வந்தது, ஈரமாக. அப்புறம் ஒரு கண். இத்தனை வாரமாக அவர் எந்தெந்தக் கண்ணையோ பார்த்துப் பயந்திருக்கிறார். இந்தக் கண்ணை இப்போதுதான் பார்த்தார்.

“இப்பச் சொல்லு.”

“அழற” என்றார்.

“ம்” என்றாள். விலகிப் போகவில்லை. நெற்றியை அவர் நெற்றியில் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அவரும் அழுதார். நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்தச் சார்ட்ட மொதல்ல மாத்துப்பா” என்றாள்.

யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். “கடை இல்லீங்களா? கண்ணு பாக்கணும்” என்று ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். இன்னொரு தடவை தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, அந்த ஆள் போகும் சத்தம் கேட்டது. அதுவரைக்கும் அவள் கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை.